பழைய விமானமும் ஒரு பெரியவரின் கேள்வியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், எண்பது வயதைத் தொட்ட பெரியவர் ஒருவர் கோவில் தாழ்வாரத்தில் நமக்காகக் காத்து நின்றார். தேவாரத்துக்கு மேலே மலைச்சரிவில் அவருக்குச் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. இளமையில் இந்திய விமானப்படையில் சேர்ந்து, யந்திரங்களைப் பழுது பார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர் என்பது பங்கில் பலருக்கும் தெரியும். அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"சாமி, ஒரு சந்தேகம். நான் பூனாவுல வேலை பார்த்த விமானம் குண்டு போடுறதுக்குன்னே செஞ்சது. அந்த ரகத்துல ஒண்ணை அமெரிக்காவுல சிலபேர் சம்பளம் வாங்காம பழுது பார்த்துப் பறக்கவிட்டாங்களாம். பேரன் செல்போன்ல காட்டினான். நாலு இஞ்சினும் ஒண்ணொண்ணா உயிர் பிடிச்சு ஓடுற சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சு. சந்தோஷத்துல வந்த அழுகை. அப்படிச் சந்தோஷப்படலாமா சாமி? எத்தனை பேரைக் கொன்ன மிஷினோ!"

நமக்கு உடனே விடை வரவில்லை. "யோசித்துச் சொல்கிறோம் ஐயா" என்று அனுப்பிவிட்டோம். பிறகு இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் அவர் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து கேட்டும், கிடைத்தவற்றை வாசித்தும் தெரிந்துகொண்டதை இம்மாதம் இப்பக்கத்தில் எழுதுகிறோம். வாசக அன்பர்களுள் படையில் பிள்ளைகளை வைத்திருப்போர் பலர். இக்கேள்வி அவர்களுக்கும் உரியதே.

அவர் சொன்ன விமானத்தின் பெயர் லிபரேட்டர். விடுதலை அளிப்பவன் என்பது பொருள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் செய்யப்பட்டன. சிறகின் நீளம் 110 அடி. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் கொண்ட நான்கு யந்திரங்கள். பத்துப் பேர் வரை ஏறிச் செல்வார்கள். குண்டுகள் தொங்கும் வயிற்றுப் பகுதியின் கதவுகள் வெளியே திறவாமல், கடைகளின் ஷட்டரைப் போலச் சுருண்டு மேலேறும். அவ்வயிற்றின் நடுவே முன்னும் பின்னும் போய்வர ஒரு சாண் அகலப் பலகைப்பாதை மட்டும் உண்டு. பெரியவர் அதன்மேல் நடந்து காட்டுவது போலத் திண்ணையில் ஓரடி முன் ஓரடி வைத்து நடந்தபோது, அவர் மனைவியார் கதவோரம் நின்று சிரித்தார்.

யந்திரத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தி நம் மனத்தில் நின்றுவிட்டது. வட்டமாக அமைந்த பதினான்கு சிலிண்டர்கள் கொண்ட யந்திரம் அது. இரவு முழுதும் நின்றுவிட்டால் எண்ணெய் மெல்லக் கசிந்து அடிப்பகுதிச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அதை அறியாமல் விசையை முடுக்கினால், எண்ணெயை அமுக்க முடியாமல் உள்ளே தண்டு வளைந்துபோகும். ஆகவே விடியற்காலையில் ஆட்கள் கூடி நின்று, காற்றாடியின் அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கையால் தள்ளிச் சுற்றவேண்டும். "பிள்ளையைத் தட்டி எழுப்புற மாதிரி சாமி. அவசரப்படக்கூடாது" என்றார். ஐந்தாண்டுகள் அவர் அவ்வாறு எழுப்பியிருக்கிறார்.

இவ்விமானங்கள் நம் நாட்டுக்கு வந்த கதை தனியே ஒரு நூலுக்குரியது. போர்க்காலத்தில் அமெரிக்கா பிரிட்டனுக்கு இவற்றைக் கடனாகக் கொடுத்திருந்தது. போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், அல்லது விலை கொடுக்கவேண்டும், அல்லது அழிக்கவேண்டும் என்பது உடன்பாடு. கான்பூரில் நின்றிருந்த லிபரேட்டர்களை எவரும் பயன்படுத்த இயலாதவாறு சிதைத்துவிட்டுப் பிரிட்டிஷ் படையினர் போய்விட்டனர். கருவிகளை உடைத்தார்கள், யந்திரங்களுள் மணலைக் கொட்டினார்கள். விடுதலை பெற்ற இந்தியாவுக்குப் பெரிய விமானம் வாங்கப் பணமில்லை. 1948-இல் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அந்தக் குப்பைமேட்டுக்குச் சென்று, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, பெங்களூர் வரை பறந்தால் போதும் என்னும் அளவுக்குச் செப்பனிட்டார்கள். தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். நாற்பதுக்கும் மேற்பட்டவை இவ்வாறு போய்ச் சேர்ந்தன. இது நடவாது என்று வெளிநாட்டு வல்லுநர் தலையசைத்திருந்தார்கள். அவ்வாண்டு நவம்பரிலேயே முதல் விமானங்கள் நமது படையில் சேர்ந்தன. பிற்காலத்தில் கடலைக் கண்காணிக்கும் பணியில் அமர்ந்து, 1968 டிசம்பர் இறுதியில் ஓய்வு பெற்றன. அந்நாள் வரை நம் பெரியவர் பூனாவில் அவற்றின் யந்திரங்களோடு இருந்தார்.

அதற்குள் உலகெங்கும் லிபரேட்டர்கள் உருக்குலைக்குப் போய்விட்டிருந்தன. அருங்காட்சியகங்கள் விழித்துக்கொண்டு தேடியபோது, நல்ல நிலையில் இருந்தவற்றுள் பல இந்தியாவில் இருந்தன! 1968-இல் ஒன்று கனடாவுக்குச் சென்றது. அதற்கு ஈடாகக் கனடா தந்த லைசாண்டர் விமானம் இன்று டில்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1969-இல் ஒன்று பூனாவிலிருந்து அமெரிக்காவின் அரிசோனா வரை பறந்தே போய்ச் சேர்ந்தது. 1974-இல் ஒன்று இங்கிலாந்துக்குப் போயிற்று. பாலத்தில் ஒன்று இருக்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களுள் குறைந்தது ஆறு நம் நாட்டுப் படையில் பணிபுரிந்தவை. மணல் கொட்டி அழிக்கப்பட்டவற்றை நம் தொழிலாளர் எழுப்பியிராவிட்டால் அவை இன்று மிஞ்சியிரா.

பேரன் காட்டிய விமானமும் இவ்வாறு சென்றதே. 1981-இல் ஆங்கிலேயர் ஒருவர் அதை விலைக்கு வாங்கிப் பிரித்து, சரக்கு விமானத்தில் ஏற்றிச் சென்றார். 1984-இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதை வாங்கிற்று. ஐந்தாண்டு வேலை. கூலிக்கு வந்த தொழிலாளரோடு தன்னார்வலரும் சேர்ந்து ஆணி ஆணியாகக் கழற்றி, துருப்பிடித்த தகட்டை மாற்றி, 1989-இல் பறக்கவிட்டார்கள். பின்னர் ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்றது. போர்க்காலத்தில் அதில் பறந்தவர்கள் தடியூன்றி வந்து, பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சாண் பலகைமேல் நடந்தார்கள்.

இத்தகைய சங்கங்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல உள. 1957-இல் டெக்சாஸ் மாநிலத்தில் லாயிட் நோலன் என்பவரும் நண்பர் சிலரும் கைப்பணம் போட்டு ஒரு மஸ்டாங் போர்விமானம் வாங்கினார்கள். மற்ற ரகங்களையும் தேடியபோதுதான் எல்லாம் உருக்கப்பட்டு வருவதைக் கண்டு திடுக்கிட்டார்கள். அந்த நண்பர் கூட்டமே இன்று ஆயிரக்கணக்கான உறுப்பினரும் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களும் கொண்ட நினைவு விமானப்படைச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. ஆசிரியர், கடைக்காரர், ஓய்வுபெற்ற விமானி, தச்சர் எனப் பலவகைப்பட்டவர்கள் விடுமுறை நாளில் வந்து எண்ணெய்க் கறையோடு வீடு திரும்புகிறார்கள். அதே 1957-இல் பிரிட்டிஷ் விமானப்படையும் தன் பழைய விமானங்களுக்கென ஒரு சிறு பிரிவை அமைத்தது. அதில் பறக்கும் விமானிகள் தம் அன்றாடப் பணிக்கு மேலாக விரும்பி வருபவர்கள். நம் நாட்டில் இப்பணி பெரும்பாலும் விமானப்படையின் கையிலேயே உள்ளது. பழைய டைகர் மாத் பயிற்சி விமானம் ஒன்று செப்பனிடப்பட்டு 2012 அக்டோபரில் மீண்டும் பறந்தது. 2018-இல் டகோட்டா விமானம் ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

போர் எங்கோ தொலைவில் நடந்தது, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். 1928-இல் திறக்கப்பட்ட நம் போடி இருப்புப்பாதையின் தண்டவாளங்கள் அப்போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே மறுபடி ரயில் வந்தது. நம் மாகாண மக்களிடம் திரட்டிய போர்நிதிக்கு நன்றியாக 79, 234, 264 என்னும் எண்களுள்ள மூன்று பிரிட்டிஷ் விமானப் பிரிவுகளுக்கு 'மதராஸ் மாகாணம்' என்றே பெயரிடப்பட்டது. கயத்தாற்றிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் அன்று போட்ட ஓடுபாதைகளின் எச்சங்களை இன்றும் காணலாம்.

இவற்றையெல்லாம்விட நம் நெஞ்சைத் தொட வேண்டியது சயாம் ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழரை ஜப்பானியர் ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோய், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே காட்டில் பாதை போடவைத்தார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரவர் மாண்டனர். அங்கே போன பெரியப்பா திரும்பவில்லை, சின்னத்தாத்தா திரும்பவில்லை என்னும் பேச்சு தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் உண்டு. அந்தப் பாதையின் பாலங்களை 1944, 1945 ஆண்டுகளில் தாக்கச் சென்றவற்றுள் வங்காளத்திலிருந்து புறப்பட்ட லிபரேட்டர்களும் இருந்தன. பாலத்தை உடைத்தால் ஜப்பானியப் படைக்கு உணவும் ஆயுதமும் போகாது. போர்க்கணக்கில் அது சரியே. ஆனால் இருளில் வீசிய குண்டு பாலத்தை மட்டும் தேடி விழவில்லை. பாதையோரம் முகாம்களில் அடைபட்டிருந்த கைதிகள்மேலும் விழுந்தது. விடுதலை அளிப்பவன் எனப் பெயர் கொண்ட விமானம், விடுதலைக்குக் காத்துக் கிடந்தவர்களையே கொன்றது. ஐரோப்பாவிலோ முழு நகரங்களே எரிந்தன. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் நடந்ததை நினைத்தால் இன்றும் நடுக்கம் உண்டாகிறது.

பெரியவரின் கேள்விக்கு இப்போது வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் இதற்கு நேரான பகுதிகள் இரண்டு உள்ளன. முழு நகரங்களையும் அங்கு வாழும் மக்களையும் வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயல், கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று சங்கத் தந்தையர் ஒளிவுமறைவின்றிக் கண்டித்தார்கள். அதற்குச் சற்று முன்னதாகவே, நாட்டைக் காக்கும் படைப்பணியை நேர்மையாய்ச் செய்பவர் அமைதிக்கே துணைபுரிகிறார் என்றும் எழுதினார்கள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிடுபவர் அநேகர். மேடைகளில் வீரம் பேசுவோர் முதலதை மறக்கிறார்கள். வீட்டில் சாய்ந்து கொண்டு படைவீரனைக் கொலைகாரன் என்போர் இரண்டாவதை மறக்கிறார்கள்.

பெரியவர் மகிழ்ந்தது எதற்காக என்பதை அவரிடமே கேட்டோம். குண்டு விழுந்ததை எண்ணி அவர் மகிழவில்லை. தம் கை பட்டது வீண் போகவில்லை, யாரோ முகமறியாதவர்கள் தம்மைப் போலவே அதைத் துடைத்துத் திருகி எழுப்புகிறார்கள் என்பதே அவர் மகிழ்ச்சி. தச்சுத் தொழில் செய்தவரை ஆண்டவராகக் கொண்ட நமக்கு அது விளங்காமற் போகுமா? செய்நேர்த்தியில் வரும் களிப்பு பாவமல்ல. இசையாஸ் தீர்க்கதரிசி கண்ட காட்சியில் வாள் உருகிக் கலப்பையாவது உண்மையே. ஆயினும் எல்லா வாளையும் உருக்கிவிட்டால், வாளால் நேர்ந்ததைப் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டிச் சொல்வது என்றும் தோன்றுகிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. விமானத்தைக் காட்டுகிறவன் அதன் கீழே இருந்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சில விமானக் கண்காட்சிகளில் வெடிச்சத்தமும் புகையுமாகக் குண்டு விழுவதை நடித்துக் காட்டுவதும் மக்கள் கைதட்டுவதும் உண்டு என்று அறிகிறோம். அது நமக்கு உவப்பாக இல்லை.

உயிரைப் பணயம் வைத்துப் பழைய யந்திரத்தைப் பறக்கவிடத்தான் வேண்டுமா என்ற வேறொரு கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. 2019 அக்டோபர் 2-ஆம் நாள், லிபரேட்டரை எழுப்பிய அதே அறக்கட்டளைக்குச் சொந்தமான 'நைன் ஓ நைன்' என்னும் குண்டுவீச்சு விமானம், கட்டணம் செலுத்திய பயணிகளோடு கனெக்டிகட் மாநிலத்தில் எழும்பி, யந்திரக் கோளாறால் திரும்பி இறங்குகையில் மோதிச் சிதறியது. 13 பேரில் 7 பேர் மாண்டனர். பராமரிப்பில் குறை இருந்ததாக விசாரணையில் வெளிப்பட்டது. பயணிகளை ஏற்றும் அனுமதி 2020-இல் பறிக்கப்பட்டது. 2022 நவம்பர் 12-ஆம் நாள் டாலஸ் நகரக் கண்காட்சியில் நினைவு விமானப்படைச் சங்கத்தின் இரு விமானங்கள் வானில் மோதின. எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்கவேண்டும் என்பது முன்கூட்டித் திட்டமாக வகுக்கப்படவில்லை. இறந்த 6 பேரும் தன்னார்வலர்களே. 2024 மே மாதம் இங்கிலாந்தில் ஸ்பிட்பயர் விமானம் விழுந்து விமானி ஒருவர் இறந்தார்.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் கடுத்தது. "பராமரிப்பில குறையா? அப்படின்னா ஓட்டக்கூடாது சாமி. அன்பு வேற, வேலை வேற. அன்பு இருக்குன்னு நட்டு தானா இறுகாது" என்றார். நாம் எழுத நினைத்த ஒரு பக்கத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பழம்பொருளின்மீது கொண்ட பற்று உயிரைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. யந்திரத்தைத் தரையில் ஓட்டிக் காட்டுவதே பல இடங்களில் போதும் என்பது நமது எண்ணம். தகுந்தவர்கள், தகுந்த சோதனையோடு, எப்போதாவது பறக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகுட்டிக்காரரை ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை.

டகோட்டாவைப் பற்றிச் சொல்வதாக எழுதினோம். அதன் யந்திரமும் லிபரேட்டரின் யந்திர வகையைச் சேர்ந்ததே. ஆனால் அது குண்டு வீசப் பிறந்ததன்று. ஆளும் அரிசியும் மருந்தும் சுமக்கப் பிறந்தது. 1947 அக்டோபர் 27-ஆம் நாள் சீக்கியப் படைவீரரை ஏற்றிக்கொண்டு டகோட்டாக்கள் ஸ்ரீநகரில் இறங்கியதால் அந்நகர் காக்கப்பட்டது. அன்று பறந்த டகோட்டா ஒன்றின் எண்ணாகிய வி.பி. 905, இப்போது வந்திருக்கும் விமானத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராய் இருந்த ராஜீவ் சந்திரசேகர், டகோட்டா விமானியாய் இருந்த தம் தந்தையின் நினைவாகக் கழிவாய்க் கிடந்த ஒன்றை வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிட்டுப் படைக்கு அளித்தார். 2018 ஏப்ரலில் அது ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் கடந்து, இடையிடையே இறங்கி இறங்கி, தன் சிறகாலேயே ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4-ஆம் நாள் ஹிண்டன் தளத்தில் படையில் சேர்க்கப்பட்டது. 'பரசுராமா' என்று பெயர். தந்தைக்கு மகன் எழுப்பும் நினைவுச் சின்னமாக இது நமக்கு மனநிறைவு தருகிறது.

போகிற போக்கில் ஒரு செய்தி. வான்வழி செல்வோருக்குப் பாதுகாவலி லொரேத்தோ மாதா. நாசரேத்தின் திருவீட்டை வானவர் வான்வழியே சுமந்து வந்தனர் என்னும் மரபை ஒட்டி, முதல் உலகப் போர் ஓய்ந்த பின் 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவ்வாறு அறிவித்தார். திருநாள் டிசம்பர் 10. படையில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் குறித்துக்கொள்ளலாம்.

சென்ற வாரம் பெரியவர் மறுபடி வந்தார். நவம்பர் 2-ஆம் நாள், இறந்தோர் நினைவுத் திருப்பலிக்குக் கருத்து எழுதவேண்டும் என்றார். பெயர் கேட்டோம். "பேர் தெரியாது சாமி. அந்த சயாம் பாதையில செத்தவங்க, குண்டு விழுந்து செத்தவங்க" என்றார். அப்படியே பதிவேட்டில் எழுதினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதியதை மெதுவாக வாசித்தார். "அதுல பறந்து செத்தவங்களையும் சேருங்க சாமி. எல்லாம் இருபது வயசுப் பயலுக" என்றார். அதையும் சேர்த்தோம். மலைக்குப் போகும் ஜீப் அதற்குள் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தது. காணிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.